ராணியின் நெற்றியில் மழைக்கோடு

நான் முன்பு வேலை பார்த்த ஸ்டாம்பு கடையில் இப்போது இருக்கும் இரண்டு பெண்கள் போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்துக்குப் பெருமாள் சேவிக்க வந்தவர்கள், எங்கள் வீட்டையும் எட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது குழந்தை பிறந்ததும் நான் வேலையை விட்டுவிட்டேன். அவர்கள் வந்தபோது மடியில் சின்னவன் இருந்தான். பெரியவள் செல்வி என் முந்தானையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கார்டிலேருந்து ஸ்டாம்பை வெட்டப் போனா சார் ஏன் அப்படிக் கத்தறார்? கத்தரிக்கோலை எடுத்ததுக்கே முகம் சிவந்துபோச்சு" என்றாள் ஒருத்தி.

"மழைக்கோடுன்னு ஏதோ சமாசாரமாமே. கேட்டா, 'அதை வசந்தாம்மாதான் சொல்லணும்'னு சொல்லிட்டு லென்ஸைத் தூக்கிக்கிறார்" என்றாள் இன்னொருத்தி.

சொல்ல ஆரம்பித்தேன். சின்னவன் அழுதான். அவனைத் தூங்கப் பண்ணுவதற்குள் அவர்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசனை வந்தது. சம்பளம் கொடுத்தவர் சறுக்கிய இடத்தை நான் எழுதலாமா? அவரே என்னிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நயா பைசா ஸ்டாம்புகள் வந்து, அணா ஸ்டாம்புகள் பழசாகிக்கொண்டிருந்த சமயத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். என் வீட்டுக்காரருக்குப் பொன்மலையில் ரயில்வே வேலை. செல்விக்கு ஒரு வயசு முடிந்திருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த படிப்பு சும்மா இருக்கிறதே என்று அவரும், வாடகை ஏறிவிட்டதே என்று நானும் நினைத்தோம். குழந்தையை எதிர் வீட்டு மரகதம் அக்காவிடம் விட்டுவிட்டு, காவேரிப் பாலம் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரக்கடை மாடிக்கு ஏறுவேன். அதுதான் சவரிமுத்து சாரின் ஸ்டாம்பு கடை. தெருவில் எந்தக் குழந்தை அழுதாலும் செல்வி அழுவது போலவே எனக்குக் கேட்கும். அதுவே பழகிவிட்டது.

கடை என்றாலும் ஆட்கள் வந்து வாங்குவது குறைவு. பழைய ஸ்டாம்புகளைத் தாள்களில் லேசாக ஒட்டி, விலை எழுதி, சேகரிப்பவர்களுக்குத் தபாலில் அனுப்புவோம். வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புவார்கள். மதுரை, பெங்களூர், பம்பாய், கல்கத்தா என்று எல்லா ஊரிலும் சாருக்கு ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்டது ஒன்றைத்தான்: தகட்டுப் பிழை உள்ள ஸ்டாம்பு.

அது என்னவென்று முதலில் எனக்கும் தெரியாது. ஸ்டாம்பைத் தனித்தனியாக அச்சடிப்பதில்லை. ஒரு பெரிய தாளில் நிறைய ஸ்டாம்புகள் சேர்ந்து அச்சாகும். அதை அச்சடிக்கும் உலோகத் தகட்டில் ஏதாவது ஒரு ஸ்டாம்பின் இடத்தில் சின்னக் கீறலோ உடைசலோ விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு அச்சாகும் ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில், அதே ஸ்டாம்பில் அந்தக் குறை இருக்கும். கோடியில் ஒருவர்கூடக் கவனிக்காத ஒரு குறை. ஆனால் அது எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். அப்படி ஒன்றைக் கண்டுபிடித்து, அது தகட்டிலேயே இருந்தது என்று நிரூபிப்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய காரியம். நானும் முதலில், குறை உள்ள சாமானுக்கு இவ்வளவு மதிப்பா என்று மனசுக்குள் சிரித்தேன். பிறகு எனக்கே அந்தப் பைத்தியம் பிடித்தது.

சாருக்கு அப்போது நாற்பது வயசு சுமார். மேலப்புதூரில் வீடு. இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் ஓர் அச்சகத்தில் மிஷின் ஓட்டியவர். அதனால் ஸ்டாம்பைப் பார்த்தால் மற்றவர்களுக்கு ராணி தெரிவாள், ராஜா தெரிவார். அவருக்கு மட்டும் மை எப்படி ஏறியிருக்கிறது, தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது தெரியும். இடுக்கியைத் தொடுவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை டிராயரில் வைத்துவிடுவார். ஸ்டாம்பில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக. கடிகாரம் டிராயரில் இருக்கும் வரை அவரிடம் யாரும் பேசக் கூடாது.

பார்ப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார். வடக்கு ஜன்னல் பக்கம் உட்கார வேண்டும். நேர் வெயில் கூடாது. முதலில் வெறும் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகுதான் லென்ஸ். பிறகு ஸ்டாம்பைச் சாய்த்துப் பிடித்து, ஒளி பக்கவாட்டில் விழும்படி பார்க்க வேண்டும். யாராவது கத்தியால் சுரண்டியிருந்தால் தாளின் நார் கிளம்பியிருப்பது அப்போது தெரியும். இவ்வளவும் முடிந்த பிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"என்ன பாத்தீங்க?"

நான் சேர்ந்த புதிதில், "சார், இது தகட்டுப் பிழைன்னு நினைக்கிறேன்" என்று ஆரம்பிப்பேன்.

"நினைக்கிறதை அப்புறம் கேக்கறேன். என்ன பாத்தீங்க?"

"ராணியோட தாடைக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளி சார்."

"ம். வட்டமா? நீளமா? மேல நிக்குதா, உள்ள இறங்கியிருக்கா?"

"மேல... மேலதான் நிக்குது சார்."

அவர் வாங்கிப் பார்த்தார். ஈரப் பஞ்சின் நுனியால் தொட்டார். புள்ளி போய்விட்டது. அது ஈ எச்சம். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இதோடு என்னை அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

"நல்லாத்தான் பாத்திருக்கீங்க. மேல நிக்குதுன்னு சொன்னீங்க பாருங்க, அது போதும். ஈ போட்டதை ஈ போட்டதுன்னு சொல்லத் தெரிஞ்சாத்தான் தகடு போட்டதைச் சொல்ல முடியும்."

இன்னொரு விதியும் உண்டு. அதைக் கடைக்கு வரும் எல்லாருக்கும் சொல்வார். தகட்டில் ஒரு தூசி ஒட்டிக்கொண்டாலும் அச்சில் வெள்ளைப் புள்ளி விழும். நாலு தாள் போனதும் தூசி விலகிவிடும். அது தகட்டுப் பிழை ஆகாது. ஆகவே ஒரே மாதிரிக் குறையுள்ள ஸ்டாம்பு மூன்று வேண்டும். அந்த மூன்றும் மூன்று வேறு வேறு வீட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் கிடைத்தால் ஒன்றாக வாங்கியதாக இருக்கும், ஒன்றாக நனைந்ததாக இருக்கும், ஒன்றாக எலி கடித்ததாகவும் இருக்கும். "மூணு வீட்டு சாட்சி" என்பார். அரையணா ஸ்டாம்பு ஒன்றில் ஓரக்கோடு உடைந்திருப்பதை நான் கண்டபோது, இரண்டு சாட்சிகள் சீக்கிரம் கிடைத்துவிட்டன. மூன்றாவதற்காக இரண்டு மழைக்காலம் காத்திருந்தோம். கடைசியில் பச்சைமலை அடிவாரத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அனுப்பிய பொட்டலத்தில் அது இருந்தது. அதுவரை அந்த இரண்டையும் விற்பனைத் தாளில் ஒட்ட அவர் விடவில்லை.

இனி மழைக்கோட்டுக்கு வருகிறேன்.

விக்டோரியா ராணி தலை போட்ட கால் அணா தபால் கார்டு ஒன்று உண்டு. அதில் ஸ்டாம்பைத் தனியாக ஒட்டுவதில்லை. கார்டின் வலது மேல் மூலையிலேயே பழுப்புச் சிவப்பில் அச்சாகியிருக்கும். அந்தக் காலத்துச் சேகரிப்பவர்கள், அப்பாமாரும் பிள்ளைகளும், அந்த மூலையை மட்டும் சதுரமாக வெட்டி ஆல்பத்தில் ஒட்டிக்கொள்வார்கள். கார்டு இடத்தை அடைக்கும் என்று மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை.

நான் சேர்வதற்கு முன்பே சார் அப்படி வெட்டிய சதுரம் ஒன்றில் ஒரு வெள்ளைக் கோட்டைக் கண்டிருந்தார். மேல் ஓரத்தில் ஆரம்பித்து, கிரீடத்தைத் தாண்டி, ராணியின் நெற்றியில் வந்து நிற்கும் மெல்லிய கோடு. ஜன்னல் கண்ணாடியில் ஒரு மழைத்துளி வழிந்து பாதியில் நின்றது போல இருக்கும். மழைக்கோடு என்று அவர்தான் பெயர் வைத்தார். முதலாவது உறையூரில் ஒரு வீட்டு ஆல்பத்தில் கிடைத்தது. இரண்டாவது பாலக்கரையில், சில வருஷம் கழித்து. மூன்றாவது ஸ்ரீரங்கத்திலிருந்து, யாரோ மருமகப்பிள்ளை கொண்டுவந்து விற்ற ஆல்பத்தில். மூன்றும் பசையில் ஊறி ஆல்பத்தோடு அழுந்திப் படிந்தவை. சாய்த்துப் பார்த்தாலும் நார் எதுவும் கிளம்பித் தெரியவில்லை. மூன்றிலும் கோடு ஒரே இடம், ஒரே நீளம். மூன்று வீட்டு சாட்சி முடிந்தது.

ஒன்றை அவர் வைத்துக்கொண்டார். ஒன்றை லால்குடி தர்மலிங்கம் வாங்கினார். அவர் நெல் வியாபாரி. ராணி தலை கார்டு என்றால் உயிர். மூன்றாவது பம்பாய்க்குப் போயிற்று. அதைப் பார்த்துத்தான், அங்கே அச்சாகும் ஒரு ஸ்டாம்புப் பட்டியல் புத்தகத்தில் மழைக்கோட்டைச் சேர்க்கிறோம் என்று எழுதினார்கள். சரிபார்க்க அச்சுத் தாளும் வந்தது. ஒரே ஒரு வரி. அதன் முடிவில் கண்டுபிடித்தவர் என்று சாரின் பெயரும் ஊரும். அவர் அதை நின்றுகொண்டு படித்தார். உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று முழுக்க அந்தப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனுஷர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் அந்தக் கடையில் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அந்தத் தாளைத் திருப்பி அனுப்புவதற்கு முன் மதுரைக்கு ஒரு சேகரிப்பைப் பார்க்கப் போனார். அன்றைக்குத்தான் தர்மலிங்கம் மஞ்சப்பையோடு மாடி ஏறி வந்தார்.

"என்னம்மா, ராணியம்மா வந்திருக்காங்க. எழுந்து நிக்க மாட்டீங்களா?"

பையிலிருந்து இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்த ஒரு கார்டை எடுத்தார். முழுக் கார்டு. யாரும் வெட்டாதது.

"நாலாவது மழைக்கோடு! பழைய பேப்பர் கடையில கிடந்துச்சு. சார் கிட்ட காட்டுங்க. ரெண்டு நாள்ல வந்து வாங்கிக்கிறேன். பத்திரம்மா, என் பொண்ணைக் குடுத்துட்டுப் போற மாதிரி குடுத்துட்டுப் போறேன்."

அவர் போனதும் நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். வெறும் கண்ணால் பார்த்தேன். கோடு இருந்தது. லென்ஸை வைத்தேன். இந்தக் கார்டில் தபால் முத்திரையின் வட்டம் ராணியின் கிரீடத்தின் மேலேயே விழுந்திருந்தது. மற்ற மூன்றிலும் முத்திரை கீழே தள்ளி விழுந்தவை. இதில் அந்தக் கறுப்பு வட்டம், மழைக்கோடு போகும் இடத்தில் அறுந்து, அந்தப் பக்கம் மறுபடி ஆரம்பித்தது.

லென்ஸைக் கீழே வைத்தேன்.

படிப்பவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று என் வீட்டு உதாரணத்தையே சொல்கிறேன். குழந்தைக்குக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்கிறோம். பிறவியிலேயே இருக்கும் மச்சம் அந்தப் பொட்டைப் பிளக்காது. பொட்டு வைத்த பிறகு நகம் பட்டுக் கீறினால்தான் பிளக்கும். கோடு தகட்டில் இருந்திருந்தால், கார்டு அச்சாகும்போதே வந்திருக்கும். முத்திரை குத்தியது அதற்குப் பல நாளுக்குப் பிறகு. முத்திரையின் மை அந்தக் கோட்டின் மேலேயும் விழுந்திருக்க வேண்டும். இங்கே முத்திரையும் சேர்ந்து அறுந்திருந்தது. கார்டைச் சாய்த்துப் பிடித்தேன். ஸ்டாம்புக்கு மேலே, ஒன்றும் அச்சாகாத வெறும் தாளிலும் ஒரு தழும்பு ஓடி, கார்டின் விளிம்பு வரைக்கும் போயிற்று. மற்ற மூன்றையும் சதுரமாக வெட்டியபோது போனது அந்தத் துண்டுதான்.

மறுபடி பார்த்தேன். வெளிச்சம் மாறியதும் இன்னொரு தடவை பார்த்தேன். நான் தப்பாகப் பார்த்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தால் செல்வியின் முதுகில் சிவப்பாக ஒரு புள்ளி. மரகதம் அக்கா, "கொசுடி வசந்தா, கொசு!" என்றார். நான் அவளை விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "அவளுக்கும் மூணு வீட்டு சாட்சி வேணுமா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏங்க, இதைச் சொன்னா வேலை போயிடுமா?"

"போனா போகட்டும்னு சொல்ல ஆசைதான். வாடகையை யாரு குடுப்பா?" என்றார். கொஞ்சம் யோசித்து, "அவர் கேட்டா சொல்லு" என்றார்.

"கேக்கலைன்னா?"

"எப்பவும் கேக்கற மனுஷன்னு நீதானே சொல்லுவே."

வேலை மட்டும்தான் பயம் என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. செல்விக்கு அம்மை போட்டிருந்தபோது, "குழந்தை எழுந்து நடமாடின அப்புறம் வாங்க, ஸ்டாம்பு எங்கயும் ஓடிடாது" என்று சொல்லி அனுப்பியவர் அவர். அந்தச் சட்டைப் பையில் இருக்கும் தாளை நான் எப்படிப் பிடுங்குவேன்? பேசாமல் இருந்துவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதே பெரிய பயமாக இருந்தது.

மறுநாள் சார் வந்தார். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. கார்டைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நாலாவதா! அதுவும் முழுக் கார்டா! வசந்தாம்மா, பம்பாய்க்காரங்க வாயடைச்சுப் போவாங்க."

கடிகாரத்தைக் கழற்றி டிராயரில் வைத்தார். ஜன்னலுக்குப் போனார். லென்ஸில் ராணியின் நெற்றியைப் பார்த்தார், கிரீடத்தைப் பார்த்தார். புன்னகை மாறவே இல்லை. தெரிந்த முகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு பழக்கத்தில் என் பக்கம் திரும்பினார்.

"என்ன பாத்தீங்க?"

"கோடு இருக்கு சார்."

"ம். எங்க முடியுது?"

"நெத்தியில சார்."

"எங்க ஆரம்பிக்குது?"

"கார்டோட விளிம்பில சார்."

கார்டைச் சாய்த்தார். ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தார். கீழே பாத்திரக்கடையில் யாரோ குடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முத்திரை?" என்றார், என்னைப் பார்க்காமலே.

"முத்திரையையும் வெட்டுது சார்." அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. "ஒருவேளை இந்தக் கார்டை மட்டும் யாராவது கீறியிருக்கலாம் சார். மத்த மூணும் நிஜமா இருக்கலாம்."

"எனக்கும் அப்படித்தாம்மா சொல்லத் தோணுது" என்றார். "அதனாலதான் போய்ப் பாத்துடணும்."

கார்டில் இருந்த முகவரியைப் படித்தார். பெரிய கடைத்தெருவில் ஒரு நூல் கடை. அது அப்போதும் இருந்தது. இருவரும் நடந்தே போனோம். நான் இரண்டு அடி பின்னாலேயே நடந்தேன்.

கல்லாவில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கடை முதலாளி அவர்தான்.

"வாங்க வாங்க. பாவு நூலா, ஊடை நூலா?"

"நூல் வேண்டாங்க. உங்க கடைக்கு வந்த பழைய கார்டு ஒண்ணு..." என்று சார் கார்டைக் காட்டினார்.

"அட, எங்க தாத்தா பேரு! கணக்குப்பிள்ளை, இங்க வாய்யா. தாத்தாவுக்கு லெட்டர் வந்திருக்கு, பதில் போடு" என்று முதலாளி சிரித்தார்.

கணக்குப்பிள்ளை வந்தார். கையில் அன்றைய தபாலில் வந்த கார்டு ஒன்று இருந்தது. எங்களைப் பார்த்துக்கொண்டே, சுவரில் ஆணியில் தொங்கிய ஓர் இரும்புக் கிளிப்பில் அதைச் செருகினார். பழைய காலத்துக் கனத்த கிளிப். திறக்க இரண்டு கையும் வேண்டும். அவர் திறக்கவில்லை. எல்லாக் கார்டும் ஒரே வரிசையில் நிற்பதற்காக, கார்டின் வலது ஓரத்தைக் கிளிப்பின் பக்கத்தில் மடங்கியிருந்த இரும்புத் தகட்டில் முட்டக் கொடுத்து, கீழேயிருந்து மேலே ஒரே தள்ளாகத் தள்ளினார். 'சர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது.

சார் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

"ஐயா, அந்தக் கார்டைக் கொஞ்சம் எடுத்துக் காட்டுவீங்களா?"

கணக்குப்பிள்ளை எடுத்துக் கொடுத்தார். நேற்று எங்கேயோ தபாலில் போட்ட புதுக் கார்டு. அதில் ராணி இல்லை. ஆனால் விளிம்பிலிருந்து இறங்கி, முத்திரையை அறுத்து, அச்சான ஸ்டாம்பின் நடுவில் வந்து ஒரு வெள்ளைக் கோடு நின்றது. சார் கிளிப்பின் வாயை விரலால் தடவினார். ஓரிடத்தில் மட்டும் இரும்பு பிசிறிப் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"இந்த கிளிப் எவ்வளவு நாளா இருக்குங்க?"

"தாத்தா காலத்திலேருந்து. கடையில எல்லாம் மாறிடுச்சு, இதுவும் இந்தாளும் மாறலை" என்று கணக்குப்பிள்ளையைக் காட்டினார் முதலாளி.

"நான் தாத்தா காலத்து ஆள் இல்லீங்க, உங்க அப்பா காலம்" என்றார் கணக்குப்பிள்ளை ரோஷமாக.

சாருக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. "உறையூர்ல, பாலக்கரையில உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது..."

"சொந்தமா? என் கூடப்பொறந்த தம்பிங்க! நடுவன் உறையூர், சின்னவன் பாலக்கரை. நான் ஸ்ரீரங்கம். பாகம் பிரிச்சப்ப நிலம் நீச்செல்லாம் சத்தமில்லாம பிரிஞ்சுது சார். இந்தப் பழைய கார்டுக்குத்தான் பசங்க அடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் மூணு கூறாப் பிரிச்சு, ஆளாளுக்கு வெட்டி ஆல்பத்தில ஒட்டிக்கிட்டாங்க. மிச்சமெல்லாம் அடுப்புக்குப் போச்சு."

சார் கைகூப்பி விடைபெற்றார். வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்ததும் நின்றார்.

"மூணு வீடுன்னு எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் வசந்தாம்மா. ஒரே வீடு. பாகம் பிரிச்ச ஒரே வீடு." பிறகு, "அந்தச் சாட்சிங்க மேல தப்பில்லை. எந்த ஊருன்னு கேட்டேன், யாரு புள்ளைங்கன்னு கேக்கலை" என்றார்.

நான், "சார், குழந்தைங்க ஒட்டினதுதானே" என்று ஏதோ உளறினேன்.

கடைக்குத் திரும்பினால் தர்மலிங்கம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். பொறுக்கவில்லை போலிருக்கிறது. சார் அவரை உள்ளே கூட்டிப்போய், எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னார். தர்மலிங்கம் முதலில் நம்பவில்லை. லென்ஸை வாங்கிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

"ஊரையெல்லாம் கூட்டி வச்சு மூணு வீட்டு சாட்சி, மூணு வீட்டு சாட்சின்னு பாடம் எடுத்தீங்களே சார்! கடைசில உங்க சாட்சி மூணும் ஒரே பந்தியில சாப்பிட்டவனுங்களா?"

"ஆமாங்க. ஒரே பந்தி" என்றார் சார். "நீங்க வாங்கினதைத் திருப்பிக் குடுத்துடுங்க. குடுத்த விலையைத் தந்துடறேன்."

தர்மலிங்கம் குரலைத் தணித்துக்கொண்டார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. சாருக்காகத்தான் சொன்னார்.

"சார், நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு உங்ககிட்ட இருக்கு, ஒண்ணு எங்கிட்ட. பம்பாய்க்காரன் நூல் கடைக்கு வரவா போறான்? இந்த முழுக் கார்டு ஒண்ணுதான் குறுக்க நிக்குது. இது எங்கிட்டதான் இருக்கு. நான் தொலைச்சுட்டேன்னு வச்சுக்குங்க. புஸ்தகத்தில உங்க பேரு வரும். நம்ம திருச்சி பேரும் வரும்."

அப்படியே ஆகட்டும் என்று அவர் சொல்லிவிட்டால், நாளைக்கு நான் எந்தக் கண்ணால் இந்த ஜன்னலில் உட்காருவேன்?

சார் சட்டைப் பையிலிருந்து அந்த அச்சுத் தாளை எடுத்தார். மடிப்பைப் பிரித்து மேஜையில் வைத்து, உள்ளங்கையால் நீவினார்.

"என் பேரு வரணும்னு எனக்கு ஆசைதாங்க. இல்லைன்னு சொன்னா பொய்" என்றார். "அந்த ஆசையிலதான் இன்னைக்குக் காலையில இந்தக் கார்டை லென்ஸ் வச்சுப் பாத்தும் எனக்கு முத்திரை தெரியலை. இந்தம்மாவுக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சதுக்கு அப்புறம் கார்டைத் தொலைச்சு என்ன ஆகப் போகுது? நாங்க ரெண்டு பேரும் பாத்துட்டோமே."

தர்மலிங்கம் கார்டை அட்டைகளுக்கு நடுவில் வைத்தார். படி இறங்கும்போது, "நான் வாங்கினதை நான் திருப்பித் தர மாட்டேன் சார். முழுக் கார்டுக்குப் பக்கத்தில அதையும் வச்சுக்கிறேன். ரெண்டையும் பாத்தா யாரும் இனிமே கார்டை வெட்ட மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எங்கள் கடையில் கார்டு எதையும் வெட்டியதில்லை. நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான்.

பம்பாய்க்கு அன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்றார். இங்கிலீஷ் கடிதங்களை நான்தான் எழுதுவது வழக்கம். எழுதிப் படித்துக் காட்டினேன். அந்தக் கோடு தகட்டுப் பிழையாக இல்லாமல் இருக்கக்கூடும், மேற்கொண்டு ஆராய்ந்த பிறகு தெரிவிக்கிறோம் என்று முடித்திருந்தேன். அவருக்கு வலிக்காமல் இருக்கட்டும் என்று பார்த்துப் பார்த்துப் போட்ட சொற்கள்.

"இருக்கக்கூடும் எதுக்கு? உங்களுக்குச் சந்தேகம் இருக்கா?"

"இல்லை சார்."

"எனக்கும் இல்லை. அப்ப அந்த வார்த்தை வேண்டாம். மழைக்கோடு தகட்டுப் பிழை இல்லை. ஒரு கடையில இருந்த கிளிப் கீறின கோடு. நான் தவறாகச் சொன்னேன். பட்டியல்லேருந்து எடுத்துடுங்க. அவ்வளவுதான் எழுதுங்க."

எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய கடிதங்களிலேயே சின்னது அதுதான்.

"கடைசியில இன்னொரு வரி. இதைக் கண்டது என்னிடம் வேலை பார்க்கும் வசந்தா."

"என் பேரு வேண்டாம் சார். உங்க தப்பைக் கண்டுபிடிச்சவள்னு ஆயிடும்."

"கண்டுபிடிச்சது கண்டுபிடிச்சதுதாம்மா. எழுதுங்க."

எழுதினேன். என் பெயர் மட்டும் கோணலாக வந்தது. வேறு தாளில் எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அச்சுத் தாளில் அவர் பெயர் இருந்த வரியை அவரே ஒரு கோடு போட்டு அடித்தார். இரண்டையும் மடித்து உறையில் வைத்தார். நான் உறையை ஒட்டி, முகவரி எழுதி, மேஜையிலிருந்த சாதாரண ஸ்டாம்பு ஒன்றைக் கிழித்தேன். அன்றாடம் தபாலாபீசில் வாங்குகிற ஸ்டாம்புதான்.

அதை நக்கி ஒட்டப் போனேன். அவர் கையை நீட்டினார்.

"கொண்டாங்க."

இடுக்கியால் வாங்கினார். ஜன்னலுக்குப் போனார். முதலில் வெறும் கண்ணால் பார்த்தார். பிறகு லென்ஸில் பார்த்தார். பிறகு சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். நான் உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணும் இல்லைம்மா" என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக. "ஒட்டுங்க."